எல்லோரும் மாநிறம்

லிஃப்ட் அவளை ஏற்றிக்கொள்ள மறுத்தது.

மங்கை அடையாள அட்டையை மறுபடி தேய்த்தாள். சிவப்பு விளக்கு. 'மங்கையர்க்கரசி, நிறப் பிரிவு. அனுமதி இல்லை' என்று ஒரு குரல் இனிக்க இனிக்கச் சொன்னது. நேற்றுவரை இதே குரல்தான் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

நேற்று, புதிய தயாரிப்புக்கு ஒப்புதல் தரும் கூட்டத்தில் எழுந்து நின்று, "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொன்னதற்குப் பலன். கையெழுத்துப் போடும் உரிமையையும் பிடுங்கிக்கொண்டார்கள், கதவையும் சாத்திவிட்டார்கள்.

போகட்டும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓட ஆரம்பித்தாள்.

ஒன்பதாவது மாடி. அங்கே கண் அறுவை அரங்கில் பரஞ்சோதி இருக்கிறான். அவள் புருஷன். "மார்னிங் ஷிஃப்ட்" என்று டிபன் டப்பாவோடு கிளம்பிய மனிதன், எண்ணூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியவன். கொஞ்ச நேரத்துக்கு முன் சமையலறைத் திரையில், பச்சை அங்கி அணிந்து காமிராவைப் பார்த்துக் கை ஆட்டினான். கீழே எழுத்து ஓடியது: 'ஏழடி வழங்கும் நிரந்தரம். முதல் பயனாளர் இவர்தான்!'

அடுப்பை அணைத்தாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

ஏழடி நிறுவனத்தைத் தெரியாதவர்கள் 2047-இல் சென்னையில் இல்லை. கல்யாணம் பேசி முடிக்கிறவர்கள் மற்றவர்கள். கல்யாணத்தைக் கண்ணில் மாட்டிவிடுகிறவர்கள் இவர்கள். உனக்கு வரப்போகிற பெண் எப்படி இருக்க வேண்டும்? சிவப்பாக. ஒல்லியாக. சரி. உனக்கு வரப்போகிற பையன்? ஆறடி, அடர்த்தியான முடி. அதுவும் சரி. ஜோடி சேர்த்து, இருவர் கண்ணிலும் லென்ஸ் வைத்து அனுப்புவார்கள். அவனுக்கு அவள் சிவப்பாகத் தெரிவாள். அவளுக்கு அவன் ஆறடி. மாதம் ஒருமுறை மையத்துக்கு வந்து மாற்றிக்கொண்டால் போதும், தூக்கத்தில்கூடக் கழற்ற வேண்டாம். அந்தப் பூச்சுக்கு நிறுவனத்தில் வைத்திருந்த பெயர் மெருகு. மெருகு நூறு என்றால் கேட்டதெல்லாம் கிடைக்கும்.

எல்லா லென்ஸுக்கும் மெருகு நிறுவனத்தின் ஒரே சர்வரிலிருந்து போகும். அதைக் கண்காணிப்பது மங்கையின் வேலை.

அவளும் வாடிக்கையாளர்தான். ஊழியர் சலுகை. விண்ணப்பத்தில் நிறம் என்ற இடத்தில் அம்மா 'மாநிறம்' என்று எழுதினாள். பரஞ்சோதி வீட்டிலும் மாநிறம். நாற்பதாயிரம் ஜோடிகள் பதிவு செய்திருந்த அந்தக் கணினியில், கறுப்பு என்று எழுதியவர் ஒருவர்கூடக் கிடையாது. தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் கறுப்பு. விண்ணப்பத்தில் எல்லோரும் மாநிறம்.

பெரம்பூரில் ஒரு காப்பிக் கடையில் முதல் சந்திப்பு. இரண்டு கறுத்த முகங்கள், நான்கு லென்ஸ்கள். 'இவ்வளவு சிவப்பான பெண் என்னை ஏன் ஒத்துக்கொண்டாள்?' என்று அவன் யோசித்தான். 'இவ்வளவு உயரமானவன் இன்னும் ஏன் காலியாக இருக்கிறான்?' என்று அவள் யோசித்தாள். கல்யாணத்துக்கு வந்த அவனுடைய அத்தை, "பொண்ணு கொஞ்சம் நெறம் மட்டு" என்று காதில் ஓதியபோது, பரஞ்சோதி அத்தையைக் கண்புரை ஆபரேஷனுக்கு அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்தான்.

முதல் வாரத்தில் மங்கை ஆசையாக ஒரு வாய் ரசஞ்சாதம் ஊட்டினாள். வாய் தெரிந்த இடத்தில் வாய் இல்லை. நிஜத்தில் அவன் ஐந்தடி நான்கு அங்குலம். சாதம் நெற்றியில் அப்பியது.

அன்றைக்குச் சிரித்தார்கள்.

ஒன்பதாவது மாடிக் கதவில் டெய்சி அக்கா காவலுக்கு நின்றாள். காக்கிச் சட்டை, கையில் தடி, வாயில் பாக்கு.

"இன்னாம்மா மங்கை, மாடிப்படியில ஓட்டப் பந்தயமா? உன்ன உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டர்."

"அக்கா, ஜோதி உள்ள இருக்கான்." மங்கைக்கு மூச்சு இரைத்தது. "கண்ணுக்குள்ளயே சில்லு வெக்கப் போறாங்க. லென்ஸ்னா கழட்டிக் கடாசலாம். இது வெச்சா வெச்சதுதான், எடுக்க முடியாது. எடுத்தா பார்வை போயிடும். மெருகு நூறுல பூட்டிடுவாங்க. என் நிஜ மூஞ்சிய அவன் இனிமே ஆயுசுக்கும் பாக்க முடியாதுக்கா."

"அவுரே ஆசைப்பட்டுத்தான வந்துகீறாரு? காலைல வணக்கம்லாம் சொன்னாரே."

"ஆசை இல்ல, பயம். இந்த மாசத்தோட பழைய லென்ஸை நிறுத்தறாங்க இல்ல? அப்புறம் வெறுங்கண்ணு. அந்தப் பயத்துலதான் எல்லாரும் க்யூவுல நிக்கறாங்க."

டெய்சி பாக்கை ஓரமாக ஒதுக்கினாள். "என்னப் பாரு. அண்டங்காக்கா கலரு. எங்க வூட்டுக்காரு வெறுங்கண்ணாலதான் பாக்குறாரு, கல்யாணம் ஆனதுலருந்து. இன்னும் கண்ணு ஒண்ணும் போவல."

"அப்ப வழி விடுக்கா."

"வேல போயிடும்மா."

மங்கை இன்னும் கிட்டே வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அமலோற்பவத்தை ஞாபகம் இருக்கா?"

டெய்சியின் முகம் மாறியது. மறக்கிற விஷயமா அது? போன ஆடியில், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் ரிசப்ஷனில் நின்று கத்தியபோது, அவளைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது டெய்சிதான்.

"தூத்துக்குடிப் பொண்ணு. கொழந்த கறுப்பாப் பொறந்துச்சு."

"குழந்தைக்கு மெருகு கிடையாது. அவ புருஷன் கண்ணுக்குப் பொண்டாட்டி சிவப்பு. எக்ஸ்ட்ரா கட்டி, கண்ணாடியில தெரியற தன் மூஞ்சியையும் சிவப்பாக்கிட்டான். தொட்டில்ல பார்த்தா கறுப்புக் குழந்தை. 'இது யாருக்குப் பொறந்தது'ன்னு கேட்டுட்டான்."

"லென்ஸு போட்டுகீறோம்னு தெரியாதா அந்த ஆளுக்கு?"

"தெரியும். ஆனா தினம் தினம் பாக்கறதைத்தானேக்கா கண்ணு நம்பும்? டெஸ்ட் எடுத்துக் காட்டியும் அவன் நம்பல. அவ புள்ளையத் தூக்கிட்டு ஊருக்குப் போயிட்டா. அன்னிக்கு எம்.டி. என்ன முடிவு பண்ணாரு தெரியுமா? 'அடுத்த வெர்ஷன்ல குழந்தைக்கும் மெருகு போட்டுடலாம்.' அதுதான் இப்ப உள்ள வெக்கப் போற சில்லு."

டெய்சி படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். தடியைச் சுவரில் சாய்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பாத்ரூம் அவசரம்மா. அந்த நேரத்துல யாரு உள்ள போனாங்கன்னு நான் எப்பிடிப் பாக்கறது?"

அரங்கத்துக்குள் வெளிச்சம் கொட்டியது. நான்கைந்து காமிராக்கள். நடுவில் சாய்ந்த நாற்காலியில் பரஞ்சோதி, தலையில் பச்சைத் தொப்பி. பக்கத்தில் கத்தியும் கையுமாக ஒரு டாக்டர். காமிராக்களுக்கு முன்னால், முழுக்கைச் சட்டையில், நிர்வாக இயக்குநர் குலோத்துங்கன்.

குலோத்துங்கன் நல்ல கறுப்பு. ராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்தவர். மூன்று பெண் வீட்டார் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதால்தான் இந்த நிறுவனத்தைத் தொடங்கியதாக எல்லாப் பேட்டியிலும் சொல்வார்.

"நானே லென்ஸ் போட்டவன்தாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "கறுப்பா இருக்கறவனுக்குக் கண்ணாடி முன்னால நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். இன்னிக்குக் காலையிலகூடப் பார்த்தேன். 'குலோத்துங்கா, நீ அழகன்டா'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இந்தத் தன்னம்பிக்கையைத்தான் ஏழடி..."

"நிறுத்துங்க!"

காமிராக்கள் ஒரே நேரத்தில் திரும்பின.

வியர்வை வழிய, கையில் செருப்போடு மங்கை நின்றாள்.

"மங்கா?" பரஞ்சோதி எழுந்திருக்கப் பார்த்தான். "நீ எப்படி இங்க? சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன்."

"நல்லா இருக்குடா உன் சர்ப்ரைஸு. டிவியில பார்த்துத் தெரிஞ்சுக்கறேன். எந்திரி."

"செக்யூரிட்டி!" என்றார் குலோத்துங்கன். யாரும் வரவில்லை. டெய்சிக்கு இன்னும் பாத்ரூம்.

"மங்கா, கேளு." அவன் குரல் இறங்கியது. "இந்த மாசத்தோட லென்ஸு போயிடும். அப்புறம் ஒரு நாள் காலைல எழுந்து வெறுங்கண்ணால உன்னப் பார்ப்பேன். அப்ப என் மூஞ்சி மாறிடுச்சுன்னா? ஒரே ஒரு செகண்டு சுளிச்சுட்டேன்னா? நீ அதை மறப்பியா? எனக்கு இப்பத் தெரியற இந்த மூஞ்சி போதும். இதத் தொலைக்க முடியாது."

"அதுக்காக என்னத் தொலைச்சுடுவியா?"

"உன்னத் தொலைக்கக் கூடாதுன்னுதான் படுத்திருக்கேன்!"

டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, குடும்பச் சண்டைக்கு நடுவே நிற்கிறவர்கள் பார்ப்பதுபோல் விட்டத்தைப் பார்த்தார்.

"லென்ஸைக் கழட்டு ஜோதி," என்றாள் மங்கை. "இங்கயே. என்னப் பாரு. பார்த்துட்டு அப்புறமும் சில்லு வேணும்னா, நானே தலையப் பிடிச்சுக்கறேன்."

"வேணாம் மங்கா."

"மூஞ்சி சுளிச்சா சுளி. எதிர்ல நின்னு பாத்துக்கறேன். பயந்துகிட்டு வாழ என்னால முடியாது."

குலோத்துங்கன் சட்டென்று புன்னகைத்தார். நேரலையில் எது எடுபடும் என்று தெரிந்த மனிதர். காமிராவைப் பார்த்துக் கை விரித்தார்.

"தாராளமாக் கழட்டட்டும். மெருகு இல்லாத உலகம் எப்படி இருக்கும்னு ஜனங்களும் பார்க்கட்டும். அப்புறம் பாருங்க, தம்பி அவராவே ஓடி வந்து படுத்துக்குவார். டாக்டர், உதவி பண்ணுங்க."

டாக்டர் குனிந்தார். வலது கண். இடது கண். பாசிமணி அளவுக்கு இரண்டு கண்ணாடித் துளிகள் தட்டில் விழுந்தன.

பரஞ்சோதி கண்களை இறுக மூடிக்கொண்டான். துறைமுகத்தில் கப்பல் உயரத்துக்குப் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறவனுக்கு, இரண்டு இமைகளைத் தூக்க முடியவில்லை.

"தொற," என்றாள் மங்கை.

திறந்தான்.

பார்த்தான்.

காமிராக்கள் அவன் முகத்துக்கு வெகு அருகில் வந்தன. சுளிப்பு இல்லை. அதிர்ச்சி இல்லை. நெற்றியில் மட்டும் ஒரு குழப்பம்.

"டாக்டர், லென்ஸு இன்னும் உள்ளயே இருக்கு."

"இல்லையே. ரெண்டும் இதோ தட்டுல."

பரஞ்சோதி தட்டைப் பார்த்தான். மறுபடி மங்கையைப் பார்த்தான். விரலால் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்து, "ஸ்ஸ்" என்றான்.

"அப்படியேதான் இருக்கா. அதே மூஞ்சி. மூக்குக்குப் பக்கத்துல அந்த மச்சம். கோவம் வந்தா ஒரு புருவம் மட்டும் ஏறுமே, அதுவும் ஏறித்தான் இருக்கு."

"நிறம்?" குலோத்துங்கன் பொறுமை இழந்தார். "நிறத்தைச் சொல்லுங்க தம்பி. கறுப்பாத் தெரியலையா?"

"கறுப்புதான்," என்று பரஞ்சோதி சொல்லிவிட்டு நிறுத்தினான். தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல் விழித்தான். "கறுப்புதான் சார். ஆனா... நேத்தும் இப்படித்தான இருந்தா? முந்தாநாள் கோயிலுக்குப் போனமே, அப்பவும் இதே மூஞ்சிதான். நான் தொலைக்கக் கூடாதுன்னு சொன்னதே இந்த மூஞ்சியத்தான்."

ஒரு நிருபர் பெண்ணின் கையிலிருந்து மைக் நழுவி, டக்கென்று தரையில் விழுந்தது.

"லென்ஸ் பழுது," என்றார் குலோத்துங்கன். "ஏதோ ஒரு லென்ஸ். ஒரே ஒரு பீஸ். டாக்டர், மாத்தி..."

"பழுது இல்ல சார்." மங்கை செருப்பைக் கீழே போட்டு நிதானமாக மாட்டிக்கொண்டாள். "நீங்க சொன்ன வேலையத்தான் செஞ்சேன். மெருகைக் கண்காணிக்கச் சொன்னீங்க. அமலோற்பவம் புள்ளையத் தூக்கிட்டுப் போனாளே, அன்னிக்கு ஆரம்பிச்சேன். தினமும் ஒரு மயிரிழை குறைச்சேன். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. இன்னிக்கு ஒரு மயிரிழை, நாளைக்கு ஒரு மயிரிழை. பொங்கலுக்குப் பூஜ்யம்."

"உன் புருஷனுக்கா?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

"நாப்பதாயிரம் ஜோடிக்கும். பொங்கல்லருந்து நீங்க மாட்டி விடறது வெறும் கண்ணாடி சார். ஒருத்தர்கூடப் புகார் பண்ணல. திருச்சியிலருந்து ஒருத்தர் பாராட்டி எழுதியிருந்தாரு, 'இந்தத் தடவை லென்ஸ் ரொம்ப இயற்கையா இருக்கு'ன்னு. நீங்கதான் அதை விளம்பரத்துல போட்டீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர்தான். உடனே இருமிக்கொண்டார்.

நிருபர் பெண் மைக்கைப் பொறுக்கி நீட்டினாள். "மேடம், ஜனங்க கேட்டு வாங்கினதை நீங்க அவங்களுக்குச் சொல்லாம எடுத்திருக்கீங்க. அது தப்பில்லையா?"

"தப்புதான். கேஸ் போட்டா வந்து கூண்டுல நிக்கறேன். ஆனா ஒண்ணு. தொட்டில்ல கெடக்கற குழந்தை மூஞ்சியில பூசறதுக்கு யாரும் அந்தக் குழந்தைகிட்டக் கேக்கல. அதைவிட இது சின்னத் தப்பு."

"இரு, இரு." பரஞ்சோதி நாற்காலியிலிருந்து இறங்கித் தொப்பியை உருவினான். அவன் முகத்தில் இப்போது கோபம் இருந்தது, நிஜமான கோபம். "இவ்வளவு நாளாத் தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீ? நான் இங்க கண்ணைத் தோண்டிக்கப் படுத்திருக்கேன்!"

"சொல்லியிருந்தா வம்படியா உத்துப் பாத்திருப்ப. உத்துப் பாத்தா எந்த மூஞ்சியும் ஒரு மாதிரிதான் தெரியும். சும்மா பாக்கணும்னு நெனச்சேன். நீ ஷிஃப்டு போறேன்னு பொய் சொல்லிட்டு வந்தது மட்டும் நியாயமா?"

அவன் உருவிய தொப்பியை மடித்தான். பிறகு தணிந்த குரலில், காமிராக்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"அப்ப என் உயரம்?"

"அஞ்சடி நாலு அங்குலம்."

"உனக்குத் தெரியுது?"

"பொங்கல்லருந்து சாதம் கரெக்டா வாயிலதான போகுது? கவனிக்கலையா நீ?"

பரஞ்சோதி பச்சை அங்கியைக் கழற்றி நாற்காலி மேல் எறிந்தான். "வீட்டுக்கு வா. உனக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

"எங்க போறீங்க?" குலோத்துங்கன் வழியை மறித்தார். குரல் கிறீச்சிட்டது. "நேரலையில நின்னு பொய் சொல்லிட்டுப் போக விடமாட்டேன். நாப்பதாயிரம் பேர் ஏமாறலாம், நான் ஏமாற மாட்டேன். இந்த லென்ஸைக் கண்டுபிடிச்சவன் நான். மெருகு ஒரு புள்ளி குறைஞ்சாக்கூட எனக்குத் தெரியும். தினமும் என் மூஞ்சியக் கண்ணாடியில பார்க்கறவன் நான்!"

அவரைச் சுற்றிக்கொண்டு போன மங்கை நின்றாள். திரும்பினாள். அவள் முகத்தில் அதுவரை இருந்த கடுமை கொஞ்சம் இளகியிருந்தது.

"உங்க லென்ஸுக்கும் அதே சர்வர்தான் சார்."

குலோத்துங்கனின் கை அவரை அறியாமல் கன்னத்துக்குப் போனது. அறுவை விளக்கின் பளபளத்த உலோகக் கிண்ணத்தில் ஒரு முகம் தெரிந்தது. அவர் அதை உற்றுப் பார்த்தார். காலையில் பார்த்த அதே முகம்.

"கண்ணாடியில பார்த்து அழகன்னு சொன்னீங்களே," என்றாள் மங்கை. "அது நீங்கதான்."